பெரியப்பாவின் மேல்வரிசைப் பல்

ஜனவரி 9

சொல்லையும் பொருளையும் படைத்து, சொல்வதற்கு நாவைத் தந்து, அந்த நா நெறி தவறி வெளியே ஓடிவிடாதபடி பல்லைக் காவலுக்கு நிறுத்திய பரம்பொருளை முதற்கண் வணங்குகிறேன். நிறுத்திய காவலரை முதுமையில் ஒவ்வொருவராகத் திரும்ப அழைத்துக்கொண்டமைக்கும் அவனையே வணங்குகிறேன். அவன் செயலில் பிழை இராது.

அன்பு மகளுக்குப் பெரியப்பா ஆசியுடன் எழுதுவது. நானும் உன் அப்பாவும் அம்மாவும் நலம். உன் நலமும், நீ வேலை செய்யும் பல் செட் பட்டறையின் நலமும் அறிய ஆவல். தொலைபேசியில் கேட்கலாமே என்பாய். என் செவிக்கும் அந்தக் கருவிக்கும் நெடுநாட்பகை. அன்றியும், பேசியதைத் திருத்த முடியாது, எழுதியதைத் திருத்தலாம். அச்சகத்தில் பிழை திருத்தியே வாழ்ந்தவனுக்கு அதுதானே ஆறுதல்.

செய்திக்கு வருகிறேன். உனக்காகப் பார்த்திருக்கும் காப்பீட்டு அதிகாரி சென்ற ஞாயிறன்று வீட்டுக்கு வந்திருந்தார். நல்ல மனிதர். உட்காருமுன் நாற்காலியின் கால்களை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். தேநீர் அருந்தி முடித்ததும் ஒரு கேள்வி கேட்டார்: "பொண்ணுக்கு என்னங்க பிடிக்கும்?"

மகளே, மூவரும் விடை சொன்னோம்.

உன் அப்பா, பேருந்து நிலையத்தில் நேரக் காப்பாளராய் இருந்த நாளில் வண்டி இன்னும் வரவில்லை என்று அறிவிக்கும் அதே குரலில், "எதைக் குடுத்தாலும் வேண்டாம்னு சொல்ல மாட்டா," என்றான். உன் அம்மா, "மஞ்சக் கலர்னா உயிரு," என்றாள். எனக்குத் தெரிந்து மஞ்சளின்மேல் உயிராய் இருப்பவள் உன் அம்மாதான். அதன்பின் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பழம்பாடல்களில் தலைவியின் மனம் எவற்றை விரும்பும் என்பதைத் திணை வாரியாக எடுத்துரைத்தேன். குறிஞ்சி, முல்லை, பாலை முடித்து மருதத்தில் காலெடுத்து வைக்கும்போது அவர் இடைமறித்தார்.

"அது சரிங்க. இந்தப் பொண்ணுக்கு?"

எங்களுக்குத் தெரியவில்லை. முப்பத்து மூன்று வயதுவரை எதைச் சொன்னாலும் நீ "ஆகட்டும்" என்றே சொல்லிவந்ததால், ஆகட்டும் என்பதே வீட்டில் உன்னைக் கூப்பிடும் பெயராகவும் ஆயிற்று. ஆகட்டும் என்பவளிடம் மேற்கொண்டு கேட்க யாருக்குத் தோன்றும்? ஏப்ரலில் அவர்கள் குடும்பத்தோடு வந்து பேசி முடிப்பதாக இருக்கிறார்கள். அதற்குள் உனக்குப் பிடித்தவற்றை எழுதி அனுப்பு. மனப்பாடம் செய்துகொள்கிறோம்.

இன்னொன்று. பாலைத்திணையின் வெம்மையை விளக்குகையில் என் மேல்வரிசைப் பல் செட் குறுக்கே விரிசல் விட்டது. என் முகவரி ஒட்டிய தகரப் பெட்டியில் வைத்துத் தனியே அனுப்பியுள்ளேன். நீ செய்தது, நீயே சீர்செய்.

நலமெல்லாம் உன்னை நாடி வருக.

உன் பெரியப்பா

---

ஜனவரி 27

அன்புள்ள பெரியப்பாவுக்கு வணக்கம். நான் நலம். உங்கள் செரிமானம் எப்படி இருக்கிறது? அம்மாவின் முழங்கால்? அப்பா இன்னும் தெருவில் போகும் பேருந்துகளுக்கெல்லாம் மணி பார்க்கிறாரா?

தகரப் பெட்டி வந்து சேர்ந்தது. விரிசல் ஆழமாக இருப்பதால் அண்ணத்தில் பொருந்தும் தட்டையே புதிதாகப் போட்டுத் தருகிறேன். தட்டின் உள்பக்கம் தெளிவான பூச்சுக்கு அடியில் ஓர் அடையாளச் சீட்டு வைப்பது எங்கள் பட்டறை வழக்கம். மற்றவர்களுக்கு எண் வைப்போம். உங்களுக்கு மட்டும் போன முறைபோலவே "பெரியப்பா" என்று வைக்கிறேன். எறும்புக் கால் அளவுள்ள எழுத்து. லென்ஸ் இல்லாமல் படிக்க முடியாது. வாய்க்குள் யார் எட்டிப் பார்க்கப்போகிறார்கள்?

நீங்கள் கேட்ட கேள்விக்கு எனக்கும் விடை தெரியவில்லை. ஆனால் அதனால் ஒரு சங்கடம் நேர்ந்தது.

பட்டறைக்கு நேர் கீழே ஒரு ரொட்டிக்கடை இருக்கிறது. இத்தனை நாளும் பட்டறை உதவியாளர் அக்காதான் எல்லோருக்கும் சேர்த்து வாங்கி வருவார். அன்று அவர் வரவில்லை. நான் போனேன். கடைக்காரர் கையெல்லாம் மாவாக நின்றிருந்தார்.

"என்ன வேணும்?"

"எது இருக்கோ அது."

"எல்லாமே இருக்கு."

"எது சீக்கிரம் தீரணுமோ, அதையே குடுங்க."

"கடைக்கு எது தீரணும்னு கேக்கலைங்க. உங்களுக்கு எது வேணும்?"

தட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நின்றேன் பெரியப்பா. எனக்குப் பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. ஓர் அம்மாள், "ரொட்டிதானே வாங்கறே? மாப்பிள்ளையா பாக்கறே?" என்றார். ஒன்றும் வாங்காமல் திரும்பிவிட்டேன். அன்று பகல் முழுதும் பசி. அவர்மேல் கோபமாக வந்தது. எனக்குக் கோபம் வந்ததே எனக்கு வியப்பாக இருந்தது.

இதெல்லாம் ஒன்றுமில்லை. எழுத வேறு செய்தி இல்லாததால் எழுதினேன்.

வணக்கத்துடன்,
ஆகட்டும்

---

பிப்ரவரி 10

அன்பு மகளுக்கு ஆசி. மூவரும் நலம். பேருந்துகளில் பாதி தாமதம் என்று உன் அப்பா சொல்லச் சொன்னான்.

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். பல்லில்லாச் சிரிப்பு, மன்னிக்க. பிறகு சிந்தித்தேன். அகப்பாட்டில் வரும் தலைவிக்குப் பெயர் கிடையாது. பெயர் சுட்டாமல் பாடுவதே அந்த மரபு. ஆனால் அவளுக்கு என்ன வேண்டும் என்பது கடலுக்குத் தெரியும், கரையில் நிற்கும் நாரைக்குத் தெரியும், தோழிக்குத் தெரியும், பெற்ற தாய் ஒருத்தியைத் தவிர ஊருக்கே தெரியும். உன் கதை தலைகீழ். அலுவலகப் பதிவேட்டில் அழகான பெயர் இருக்கிறது. வேண்டியது எது என்பதுதான் எங்கும் பதிவாகவில்லை.

ஆகவே அந்தக் கடைக்கு மறுபடியும் போ. பிறவியின் பயன் யாது என்பதைவிட ரொட்டியில் எது வேண்டும் என்பது எளிய கேள்வி. அங்கிருந்தே தொடங்கு.

பல் இன்மையால் நூலக மன்றத்தில் என் வாரச் சொற்பொழிவு நின்றிருக்கிறது. மன்றத்துக்கு வருவோர் தொகை கூடியிருப்பதாக நூலகர் மகிழ்ச்சியோடு சொன்னார். காரணத்தை நான் கேட்கவில்லை.

பல்லை விரைவில் அனுப்பு. இறையருள் துணை நிற்க.

பெரியப்பா

---

மார்ச் 1

அன்புள்ள பெரியப்பாவுக்கு வணக்கம். நலம், நலமறிய ஆவல்.

நீங்கள் சொன்னபடி மறுபடியும் போனேன். தினமும் ஒரு வகை வாங்கித் தின்று பார்த்தேன். எனக்குப் பிடித்தது எதுவென்று தெரிந்துவிட்டது. ஓரம் கருகிய ரொட்டி. விற்காது என்று அவர் ஒதுக்கிவைக்கும் தட்டிலிருந்து நானே கைநீட்டிக் காட்டினேன். "இதுவா?" என்றார். "இதுதான்," என்றேன். அப்படி ஒரு சொல்லை நான் அதுவரை சொன்னதில்லை என்று படியேறும்போதுதான் தோன்றியது.

அதன்பிறகு இன்னும் சில தெரிந்தன. பேருந்தில் சன்னல் ஓர இருக்கை பிடித்திருக்கிறது. சிறுவயது முழுதும் அதை அம்மாவுக்கு விட்டுக்கொடுத்து, எனக்கு நடு இருக்கைதான் பிடிக்கும் என்று நானே நம்பியிருக்கிறேன். மஞ்சள் பிடிக்கவில்லை. அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள்.

ரொட்டிக்கடைக்காரருடைய அம்மாவின் மேல்வரிசையும் எங்கள் பட்டறையில் செய்ததுதான். கடந்த சில வாரங்களாக அது அடிக்கடி உடைகிறது. ஒவ்வொரு முறையும் அவரே மாடிக்கு எடுத்து வருகிறார். போன வாரம் அந்த அம்மா நேரில் வந்து, "என் பையன் ரொட்டியில கல்லைப் போடறானா, இல்ல என் பல்லு மேல கல்லைப் போடறானான்னு தெரியலம்மா," என்றார். எனக்கு அதில் கருத்து எதுவும் இல்லை.

அவர் வந்தால் சற்றுநேரம் பேசிக்கொண்டிருப்பார். ரொட்டியைப் பற்றித்தான்.

நேற்று அவர் வந்தபோது உங்கள் செட்டையும் அவர் அம்மாவின் செட்டையும் மெருகேற்றி ஒரே மேசையில் வைத்திருந்தேன். பேச்சினூடே இரண்டையும் பெட்டியில் போட்டுக் கட்டினேன். உங்களுடையது இத்துடன் வருகிறது. உங்கள் தகரப் பெட்டியை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. அட்டைப் பெட்டியில் அனுப்பியிருக்கிறேன்.

ஏப்ரலில் வந்து சேரும்படி அப்பா எழுதியிருந்தார். ஆகட்டும் என்று பதில் போட்டுவிட்டேன்.

வணக்கத்துடன்,
ஆகட்டும்

---

மார்ச் 12

அன்பு மகளுக்கு ஆசி. அனைவரும் நலம்.

பல் வந்தது. மிக அழகு. நீ செய்ததில் குறைகாண என்ன இருக்கிறது? முன்னதைவிடச் சற்றே இறுக்கம். வாய்தான் பழகிக்கொள்ள வேண்டும். மெல்ல வேண்டாதவற்றையே சில நாளாக உண்கிறேன். இந்த வயதுக்கு அதுவே உகந்தது என்று மருத்துவ நூல்களும் சொல்கின்றன.

ஒரு புதுமை மட்டும் சொல்லவேண்டும். இந்தப் பல் வந்தபின் என் பேச்சு சுருங்கிவிட்டது. காய்கறிக்காரர், "என்ன ஐயா, இன்னைக்குப் பாட்டு ஒண்ணும் இல்லையா?" என்றார். "எடையைச் சரியாப் போடு," என்றேன். இருவருமே திகைத்துப்போனோம். கண்ணாடியில் பார்த்தால் யாரோ ஓர் அம்மையார் என்னைப் பார்த்துக் கண்டிப்பாகப் புன்னகைப்பதுபோல் இருக்கிறது. உன் அப்பா, "அண்ணே, ஏன் இப்படி முறைச்சுக்கிட்டே சிரிக்கறீங்க?" என்று கேட்டுவிட்டான்.

கடைவாயில் சிறு புண் காரணமாக அதிகம் எழுத இயலவில்லை. வாய்க்கும் கைக்கும் என்ன தொடர்பு என்று கேளாதே.

பெரியப்பா

---

மார்ச் 20

முன்பின் அறியாத ஐயா அவர்களுக்கு ரொட்டிக்கடைக்காரரின் தாயார் எழுதுவது. நலம். நலம் அறிய ஆவல் என்று எழுதுவது மரபு. எனக்கு உண்மையாகவே ஆவல். ஏனென்றால் என் பல் உங்கள் வாயில் இருக்கிறது என்று நினைக்கிறேன். உங்கள் பல் என் வாயில் இருக்கிறது.

என் மகன் கொண்டுவந்த தகரப் பெட்டியின் மூடியில் உங்கள் முகவரி ஒட்டியிருந்தது. அப்போதே ஐயம். மகன் கணக்குப் பார்க்கும் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். உள்ளே "பெரியப்பா" என்று எழுதியிருக்கிறது. நான் யாருக்கும் பெரியப்பா அல்ல.

மேலே போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்தப் பெண் வேலையில் பிழை செய்யாதவள் என்று அவளுடைய முதலாளி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்தப் பெயர் கெடுவதற்கு என் வாய் காரணமாக வேண்டாம். ஆனாலும் உங்கள் பல்லோடு காலந்தள்ளுவது எளிதாக இல்லை ஐயா. தளர்வாக இருக்கிறது, வாயைத் திறந்தால் நிறுத்த முடியவில்லை. மாவு பிசைகிறவனிடம் போய் நிலையாமையைப் பற்றிப் பேசுகிறேனாம். "அம்மா, உனக்கு என்ன ஆச்சு?" என்கிறான்.

அவனுக்கு என்ன ஆயிற்று என்பதுதான் என் கவலை. அவளுக்கு ஓரம் கருகினது பிடிக்கும் என்று அறிந்த நாளிலிருந்து அடுப்பிலிருந்து எடுப்பதை எல்லாம் சற்றுக் கூடுதலாகக் கருக்கினான். ஊரே கருகின ரொட்டி தின்றது. அவளுக்கு ஏப்ரலில் கல்யாணம் பேசி முடிக்கிறார்கள் என்று அவளே சொன்னபின், இப்போது வெள்ளை வெளேரென்று வேகாமல் எடுக்கிறான். கருகலே மேல்.

என் செட்டில் எண் மட்டும்தான் இருக்கும். உங்களிடம் உள்ளதைக் கழற்றி, உள்ளே என்ன எண் என்று பார்த்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பல்லின் தற்காலிகப் பாதுகாவலர்

---

மார்ச் 29

மதிப்புக்குரிய அம்மையாருக்கு வணக்கம். தங்கள் மடல் கண்டு நாணமும் நிம்மதியும் ஒருங்கே அடைந்தேன். பல் மாறியதை நான் முதல் நாளே உணர்ந்தேன். வாழ்நாளெல்லாம் பிறர் பிழையைத் தேடித் தேடித் திருத்தியவன், அவள் செய்த முதற்பிழையை வாயிலேயே வைத்து மூடிக்கொண்டேன். தாங்களும் அவ்வாறே செய்தீர்கள் என்றறிந்து மகிழ்கிறேன்.

தாங்கள் பணித்தபடி, அச்சகத்திலிருந்து நான் கொண்டுவந்த பெரிய லென்ஸை வைத்துப் பார்த்தேன். எண் இல்லை. மூன்றே எழுத்து.

"அத்தை."

அம்மையீர், எங்கள் தந்தைக்கு நானும் என் தம்பியும் மட்டுமே மக்கள், உடன்பிறந்தாள் இல்லை; தம்பி மனைவிக்கும் உடன்பிறந்தான் இல்லை. ஆகவே இவ்வுலகில் என் தம்பி மகளுக்கு அத்தை என்று அழைக்க ஒருவரும் இல்லை. இல்லை என்றுதான் நேற்றுவரை எண்ணியிருந்தேன். தங்களை நேரில் எவ்வாறு அழைக்கிறாள்?

பழைய நூல்களில் தலைவி காதலுற்றாள் என்பதற்குக் கைவளை கழன்று விழும். நெற்றியில் பசலை படரும். என் மகள் பல் செட் செய்பவள். அவளுக்குப் பல் மாறியிருக்கிறது. வேண்டியதை வாய்விட்டுச் சொல்லப் பழகாத பெண், எவர் கண்ணும் படாத ஓரிடம் தேடி, பிறர் வாய்க்குள் எழுதி வைத்திருக்கிறாள். அதையும் என்னிடமே அனுப்பிவிட்டாள். இதைப் பிழை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மரபுப்படி இத்தகைய செய்தியை வீட்டாருக்கு எடுத்துரைப்பது தோழியின் கடமை. தோழி எவரும் அருகில் இல்லாமையால் அப்பொறுப்பை நானே ஏற்கிறேன். என் தம்பியிடம் பேசப்போகிறேன். தங்கள் பல்லைத் தூய்மை செய்து பதிவுத் தபாலில் இன்றே அனுப்பிவிட்டேன். எனதையும் அன்புகூர்ந்து அனுப்பியருள்க.

தங்கள் அடுப்பு செவ்வனே எரிக.

பெரியப்பா

---

ஏப்ரல் 4

அன்பு மகளுக்கு ஆசி. உன் அம்மாவின் முழங்கால் தேறிவிட்டது. வரப்போகும் விருந்தினருக்காக வீட்டை அவளே துடைக்கிறாள்.

எனக்கு எல்லாம் தெரியும். இத்தொடரைத் தோழியின் கம்பீரத்தோடு எழுத எண்ணினேன். ஒரு மூடனாகவே எழுதுகிறேன். அந்தப் பல்லைத் தபாலில் சேர்த்து வீடு திரும்பிய பின்னரே, பேசுவதற்குப் பல் வேண்டும் என்பது நினைவுக்கு வந்தது.

ஆயினும் முயன்றேன். இன்று காலை உன் அப்பா கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கையில் அருகே அமர்ந்து, "தம்பி, ஒரு சங்கதி," என்றேன். மேல்வரிசை இன்றிச் சங்கதி காற்றாகவே வந்தது. அவன் கனிவோடு, "அண்ணே, பல்லை வெச்சுக்கிட்டு வாங்க. நான் எங்கயும் போயிட மாட்டேன்," என்றான். பல் ஊருக்குப் போயிருக்கிறது என்று எப்படி விளக்குவேன்? அதற்கும் பல் வேண்டும்.

எழுதிக் கொடுத்திருக்கலாமே என்பாய். எழுதினேன். அவன் மூக்குக் கண்ணாடியைத் தேடும் இடைவேளையில், பழக்கதோஷத்தால் ஒருமுறை படித்துப் பார்த்தேன். முதல் வரியிலேயே பிழை. "அவளுக்கு என்ன வேண்டும் என்றால்" என்று தொடங்கியிருந்தேன். உன் அப்பாவும் அப்படித்தான் தொடங்கினான். உன் அம்மா மஞ்சளையும் அப்படித்தான் தொடங்கினாள். எழுத்தில் பிழையென்றால் திருத்தலாம். எழுதுகிறவனே பிழையென்றால் தாளைக் கிழிப்பதே முறை. கிழித்துவிட்டேன். உன் அப்பா கண்ணாடியோடு வந்து, கிழிந்த தாளையும் என்னையும் பார்த்து, ஒன்றும் கேளாமல் போய்விட்டான்.

இருபத்தொன்றாம் தேதி ஞாயிறன்று அவர்கள் வருகிறார்கள். நீ வாய் திறவாவிட்டால் உன் அப்பா உனக்காக ஆகட்டும் என்று சொல்லிவிடுவான். அது உன்னுடைய சொல்தான் என்று மனமார நம்பியே சொல்வான்.

என்னால் இயன்றது இவ்வளவே. இறைவன் உன் நாவில் இருக்க.

பெரியப்பா

---

ஏப்ரல் 11

அன்புள்ள பெரியப்பாவுக்கு வணக்கம். உங்கள் வாய்ப்புண் ஆறிவிட்டதா? ஏன் முன்பே சொல்லவில்லை? நான் அழுதேன். பிறகு சிரித்தேன். உதவியாளர் அக்கா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

உங்கள் கடிதம் வருவதற்கு முன்னாலேயே அந்த அம்மா மாடியேறி வந்து தகரப் பெட்டியை என் மேசைமேல் வைத்தார்.

"இது உங்க பெரியப்பாவோடது. என்னோடது வந்துருச்சு."

பெட்டியைத் திறந்து பார்த்தேன்.

"உள்ள எழுதியிருந்ததையும் படிச்சுட்டேன். இப்ப சொல்லு. அதை அழிச்சு நம்பர் போடப்போறியா, இல்ல அப்படியே இருக்கட்டுமா?"

பட்டறையில் அரவை இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்திவிட்டுச் சொன்னேன்.

"அப்படியே இருக்கட்டும், அத்தை."

பிறகு கீழே போனேன். அவர் வழக்கம்போல், "என்ன வேணும்?" என்றுதான் கேட்டார். சொல்லிவிட்டேன். வரிசையில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை.

வீட்டுக்கு வருகிறேன். அப்பா முகத்தைப் பார்த்துப் பேச முடியுமா என்று தெரியவில்லை. பல் என் கைப்பையில் வருகிறது. சன்னல் ஓர இருக்கையாகப் பார்த்து எடுத்துவிட்டேன்.

வணக்கத்துடன்,
உங்கள் மகள்

---

ஏப்ரல் 24

அன்பிற்குரிய சம்பந்தி அம்மையாருக்கு,

இச்சொல்லை எழுதியபின் பேனாவைக் கீழே வைத்து ஒருமுறை கைகூப்பினேன். எல்லாம் அவன் செயல். இங்கே அனைவரும் நலம். தங்கள் நலமும் தங்கள் மேல்வரிசையின் நலமும் அறிய விழைகிறேன்.

ஞாயிறன்று நடந்ததை அவள் தங்களிடம் இரண்டு வரியில் சொல்லியிருப்பாள். நான் முறையாகச் சொல்கிறேன்.

காப்பீட்டு அதிகாரியும் அவருடைய தாயாரும் தாய்மாமனும் குறித்த நேரத்துக்கு வந்து அமர்ந்துவிட்டார்கள். அவள் வரும் பேருந்து தாமதம். என் தம்பி வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்தபடி இருந்தான். தாய்மாமன், "பொண்ணு வரட்டும், பரவாயில்ல. நீங்க சம்மதம் சொன்னாப் போதும்," என்றார். தம்பி என்னைப் பார்த்தான். நான் வெறும் வாயோடு அவனைப் பார்த்தேன். "அவளுக்குச் சம்மதம்தான். எதுக்கும் அவ..." என்று தொடங்கிவிட்டான். அந்த இடத்தில்தான் என் உயிர் போய்த் திரும்பியது. வாசலில் செருப்புச் சத்தம்.

உள்ளே வந்தவள் எல்லோரையும் வணங்கினாள். நேரே என்னிடம் வந்து தகரப் பெட்டியைத் திறந்து, "பெரியப்பா, ஆ காட்டுங்க," என்றாள். அதிகாரியின் தாயார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். என் பல் என் வாயில் வந்து அமர்ந்தது. பிரிந்தவர் கூடினாற்போல் இருந்தது.

அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டார். "போன தடவை ஒரு கேள்வி கேட்டேன். பதில் வரல. உங்களுக்கு என்னங்க பிடிக்கும்?"

எங்கள் வீட்டாரின் பழக்கத்தைப் பாருங்கள் அம்மையீர். கேள்வி அவளிடம், வாய் திறந்தவர்கள் மூவர். "மஞ்ச..." என்றாள் தம்பி மனைவி. "எதைக் குடுத்தாலும்..." என்றான் தம்பி. நான், பல் கிடைத்த களிப்பில், குறிஞ்சியில் தொடங்கிவிட்டேன்.

"மூணு பேரும் கொஞ்சம் சும்மா இருங்க," என்றாள்.

இருந்தோம்.

"எனக்கு பஸ்ல ஜன்னல் சீட்டு பிடிக்கும். மஞ்சக் கலர் பிடிக்காது. அம்மா, கோச்சுக்காத. பல் செட் செய்யற வேலை பிடிக்கும், அதை விடமாட்டேன். ரொட்டியில ஓரம் கருகியிருந்தா பிடிக்கும். அதைச் சுடறவரைப் பிடிக்கும். அவரைத்தான் கட்டிக்கணும்னு இருக்கேன். உங்க மேல ஒரு குறையும் இல்லைங்க. என்னைப் பத்தி முதல்ல கேட்டதே நீங்கதான். அதுக்கு நன்றி."

சொல்லி முடித்தபின் நான் ஒரு நாற்காலியை நகர்த்திப் போட்டேன். அவள் உட்காராமலே நின்றாள்.

அதிகாரி தம் சட்டைப்பையைத் தடவினார். பிறகு, "அந்தக் கடைக்குத் தீ விபத்துக் காப்பீடு எடுத்திருக்கா?" என்றார்.

"தெரியலைங்க."

"கருகுதுங்கறீங்களே. கேட்டு வைங்க," என்று தம் முகவரி அட்டையை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்தார். மனக்கசப்பு ஏதும் முகத்தில் தெரியவில்லை. வாசலில் என்னிடம், "கேள்வி கேட்டா பதில் வர்ற வீடு கிடைக்கறது கஷ்டங்க," என்றார். அவருக்கு நல்வாழ்வு அமைய நாள்தோறும் வேண்டிக்கொள்கிறேன். அட்டையை இத்துடன் வைத்துள்ளேன். தங்கள் மகனார் பார்ப்பது நலம்.

அவர்கள் சென்றபின் தம்பி மனைவி கண்ணைத் துடைத்தபடி, "அப்ப இத்தனை வருஷமா எடுத்த மஞ்சச் சேலையெல்லாம்?" என்றாள். "நீ கட்டிக்கம்மா. உனக்குத்தானே பிடிக்கும்," என்றாள் மகள். அழுகை பாதியில் நின்றது. அது அவளுக்கும் அதுவரை தோன்றாத செய்தி போலும்.

தம்பி கடிகாரத்தைக் கழற்றித் துடைத்தான், மாட்டினான், மறுபடியும் கழற்றினான். அவள் அவன்முன் போய் நின்று, "அப்பா," என்றாள்.

"முப்பத்து மூணு வருஷம் லேட்டு," என்றான் அவன், கடிகாரத்தைப் பார்த்தபடியே.

அவள் தலைகுனிந்தாள்.

"ஆனா வண்டி வந்துருச்சு. லேட்டா வந்துச்சுன்னு வந்த வண்டியைத் திருப்பி அனுப்பற வழக்கம் எங்க டிப்போவுல கிடையாது." பிறகு என் பக்கம் திரும்பி, "அண்ணே, அந்தக் கிழிச்ச பேப்பர்ல இதைத்தான் எழுதியிருந்தீங்களா?" என்றான். ஆம் என்று தலையசைத்தேன். பல் இருந்தும் பேச்சு வரவில்லை.

தம்பியும் அவன் மனைவியும் தங்கள் இல்லம் வர நாள் கேட்கிறார்கள். காலைவேளை வேண்டாமாம், அடுப்புக்கு இடைஞ்சலாகும் என்று மகளின் கட்டளை. இப்போதெல்லாம் கட்டளைகள் வருகின்றன. அவளை இனி என்னவென்று அழைப்பது என்பதில்தான் வீட்டில் குழப்பம். பழைய பெயர் பொருந்தவில்லை. அவளையே கேட்டோம். "யோசிச்சுச் சொல்றேன்," என்றிருக்கிறாள். காத்திருக்கிறோம்.

இதைப் படிக்கும் தங்களுக்கும், தங்கள் இல்லத்தில் வாழ்வோர்க்கும், வந்து சேரவிருப்பவளுக்கும் நீண்ட ஆயுளும், நோயற்ற உடலும், கேட்டால் கொடுக்கும் கையும், கேட்கத் தயங்காத நாவும் இறைவன் அருள்வானாக. தங்கள் அடுப்பில் ரொட்டி நாளும் பொன்னிறமாய் வேகட்டும். ஓர் ஓரம் மட்டும் அவளுக்காகக் கருகட்டும்.

என்றும் அன்புடன்,
பெரியப்பா